பார்த்து எழுதுங்க

மார்ச் 6

அன்புள்ள சின்னு,

நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு வந்து சேர்ந்தோம். நீயும் உன் மாஸ்டரும் எப்படி இருக்கிறீர்கள்? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா? விடுவாய், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

மகள் வீடு நாலாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்துவது தெரிகிறது. அவளும் என்னைப் பார்க்கிறாள், நானும் அவளைப் பார்க்கிறேன். பாஷை தெரியாததால் சண்டை இல்லாமல் காலம் ஓடுகிறது. உன் அத்தான் வந்த அன்றைக்கே மருமகனின் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கரடி மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

நாலு பேர் வருவோம் என்று மகள் இரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றை மடக்கிச் சுவரோரம் சாத்தினோம். நம் இருவருக்கும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில் கல்யாணம் நடந்தது. இருபத்தைந்தாம் வருஷத்தை மட்டும் நாங்கள் தனியாகக் கொண்டாடுவதா? அதுவும் இந்த ஊர் ஓவியர் குன்றைப் பார்க்க வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. டிராயிங் வகுப்பில் இருபது வருஷமாக அந்தக் குன்றின் காலண்டர் படத்தை மாட்டி வைத்துப் பாடம் எடுத்தவர் அவர். நேராக ஒரு கோடு போடத் தெரியாத நாங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம். அவர் கண்ணில் ரத்தம் கசிய இந்த வருஷம்தான் கிடைத்ததா?

புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது காதிலேயே இருக்கிறது. "போன்ல பேசினா காத்தோட போயிடும். லெட்டரா போடுங்க, சின்னுவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன். ஆனா பார்த்து எழுதுங்க அக்கா." சொன்னதும் புரிந்தது, சொல்லாமல் விட்டதும் புரிந்தது. நீ கவலைப்படாதே.

மே மாதத்துக்குள் இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நினைவில் வை. வலது கண் போனது போகட்டும், இதையாவது பிடித்து நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

அத்தானுடைய கோபம் தணிந்ததா? கரடிக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே நாங்கள் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மருந்து விடுகிறோம்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். மடக்கி வைத்த கட்டில் வந்த இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "மேல படி" என்றார். அதற்குப் பிறகு கேலியெல்லாம் செய்து சிரித்தார். என்னை ஏமாற்ற முடியுமா?

ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, "வலது கண்ணுக்கும் இதையேதான் சொன்னாங்க" என்கிறார். அதற்கு மேல் கேட்டால், "பாக்கலாம்." கண் தெரியாத மனுஷன் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்வதைக் கேட்க எனக்கு எரிச்சலாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. இடது கண்ணில் ஆள் அசைந்தால் நிழல் தெரிகிறதாம், அவ்வளவுதான்.

குன்றுக்கு எப்போது போகப் போகிறீர்கள்? தினமும் காலையில் கேட்கிறார். தபால்காரர் மணி அடித்தால் எனக்கு முன்னால் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் முட்டி வலி வந்தால் எண்ணெய் தேய்.

சின்னு

ஏப்ரல் 2

அன்புள்ள சின்னு,

இந்தக் கடிதம் உங்களை நல்லபடியாக வந்து பார்க்கட்டும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குன்றைப் பார்த்துவிட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. குன்று என்று பேர், உண்மையில் மேடு. ஆனால் படி, படி, படி. ஏறி முடிப்பதற்குள் உன் அத்தானுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஓவியர் தெரு என்பது சந்தைத் தெரு மாதிரிதான். காய்க்குப் பதில் படம். ஏழெட்டுப் பேர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, முகம் வரையட்டுமா என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் இருந்த வீடுகள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், பாதி பூட்டிக் கிடக்கின்றன. தூறல் வேறு. செருப்பெல்லாம் சேறு. இந்தப் படிகளில் மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தால் பாடாய்ப் பட்டிருப்பார், வராததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை நாளில் பார்த்து முடித்துவிட்டு இறங்கிவிட்டோம். நீங்கள் ஏங்குகிற அளவுக்கு இங்கே எதுவும் இல்லை என்று தைரியமாக இரு.

மருந்து, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் விடாதே.

அக்கா

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: சகலைக்கு வணக்கம். உறையை ஒட்டும் வேலை எனக்கு, அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இவள் பேச்சை நம்பாதீர்கள். கடைசி பஸ்ஸுக்கு இவளை இழுத்துக்கொண்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இடம் பிரமாதம்.)

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார், படித்தேன். "சந்தையா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது கேட்கச் சொன்னார். காலண்டர் படத்தில் வளைந்து போகிற சந்தில், வெள்ளைச் சுவரில் ஒரு நீல ஜன்னல் இருக்குமே, அது இருக்கிறதா? இவருடைய பள்ளிக்கூடத்தில் அந்த ஜன்னலை வரையாமல் எந்தப் பிள்ளையும் வெளியே போனதில்லை. "அது ஒண்ணு மட்டும் அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொல்லு" என்றார்.

நம் கல்யாண நாள் வருகிறது. அன்றைக்கு எங்கே இருந்தாலும் சந்தோஷமாக இருங்கள். நாங்களும் இருப்போம்.

வேறு விசேஷம் இல்லை.

சின்னு

ஏப்ரல் 27

அன்புள்ள சின்னு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

கல்யாண நாளன்று எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தோம். நீங்கள் இல்லாமல் என்ன கொண்டாட்டம் வேண்டிக் கிடக்கிறது.

மாஸ்டர் கேட்ட ஜன்னல். அதை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டுவிட்டார்கள். கீழே ஒரு குளிர்பானக் கடை. காலம் மாறிவிட்டது, அவரிடம் பக்குவமாகச் சொல். படத்தில் பார்த்த வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்ளச் சொல்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத்தான் கை வரவில்லை.

போன வாரம் டாக்டரிடம் போனோம். இவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "வேண்டாங்க டாக்டர், இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வாசற்படி எங்கே என்று தெரியாமல் மருந்து அலமாரியில் போய் முட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஜன்னலையே அலுமினியம் ஆக்கிட்டாங்க சின்னு. பெரியவங்களானதும் போய்ப் பாருங்கடான்னு எத்தனை பசங்ககிட்ட சொல்லியிருக்கேன். மறுபடி ஒரு கத்தியைக் கண்ணுல வாங்கிக்கிட்டு எதைப் பாக்கப் போறேன்? என் மனசுல இருக்கறது நல்லாத்தானே இருக்கு."

அக்கா ஏதோ சலிப்பில் எழுதியிருப்பாள் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது. "அக்காவைச் சொல்லாதே. அவங்க பார்த்து எழுதியிருக்காங்க. கிளாஸ்ல நான் சொல்வேனே, பார்த்துப் போடு, தெரிஞ்சதைப் போடாதே, கண்ணுக்குத் தெரியறதைப் போடுன்னு. கிளம்பும்போது அதைத்தானே அவங்ககிட்டயும் சொன்னேன், என் கண்ணா இருந்து பார்த்து எழுதுங்கன்னு. எனக்கு வலிக்குமேன்னுகூட ஒளிக்காம எழுதிட்டாங்க. வேற யாரு எழுதுவா?"

பிரஷ்களையும் வண்ணப் பெட்டியையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். வகுப்பிலிருந்து கொண்டு வந்து வீட்டில் மாட்டியிருந்த காலண்டர் படத்தைக் கழற்றச் சொன்னார். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

சின்னு

மே 29

சின்னு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இன்றைக்கு இல்லை. போனில் நான் அழுத அழுகையில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மாஸ்டர் பேச வர மாட்டேன் என்கிறார் என்றாய். அதனால் இதைப் படித்துக் காட்டு, ஒரு வரி விடாமல்.

பார்த்து எழுதுங்க என்று அவர் சொன்னபோது, பார்த்துப் போ, பார்த்துப் பேசு என்கிறோமே, அந்தப் பார்த்து என்று எடுத்துக்கொண்டேன். வர முடியாமல் போன மனுஷன், எங்களை ஏங்க வைக்கிற மாதிரி எழுதிவிடாதே, அளந்து எழுது என்று கேட்கிறார் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி மாதிரி, எல்லாம் புரிந்தது என்று உனக்கு எழுதினேன். அவர் பாருங்கள் என்றிருக்கிறார். நான் மறைத்துவிட்டேன்.

அந்த இடம் சந்தை இல்லை. அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் படம்தான். வாசல்கள், பூச்சட்டிகள், பாட்டு, சிரிப்பு, எல்லாம் சொர்க்கம் மாதிரி இருந்தது. முதல் நாள் இருட்டும்வரை நான் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். கல்யாண நாளன்று வீட்டில் இருந்தோம் என்றது பொய். குன்றின் மேலேயே ஒரு விடுதியில் தங்கினோம். நாலு பேருக்கென்று மகள் முன்பே பேசி வைத்த இரண்டு அறைகள். உங்கள் அறைச் சாவியையும் என் கையில் கொடுத்தார்கள். திறந்து, உங்கள் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டிவிட்டுக் கீழே போய், தெருவில் ஒரு ஓவியக்காரியிடம் நானும் அத்தானும் ஜோடியாகப் படம் வரைந்துகொண்டோம். அதில் எனக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே கூசுகிறது. படத்தைப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீல ஜன்னல் இருக்கிறது. நீலமாகவே இருக்கிறது. அலுமினியம் என் வாயிலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவை சந்தோஷப்பட்டபோதும் உங்கள் இரண்டு பேர் முகமும் வந்து நின்றது, அதனால் எல்லாவற்றின் மேலும் சேற்றைப் பூசினேன். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லு. காலில் விழுந்து கேட்கிறேன் என்று சொல்லு.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

உன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதே. அழுது உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அங்கே யார் பார்ப்பது?

கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். முழுக்கக் கேட்டார். கடைசியில் சிரித்தார். "பாவம் அக்கா. நான் வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சதும் என்னை ஆபரேஷன் டேபிள்ல ஏத்தறதுக்காக அழகழகா எழுதறாங்க. சொர்க்கம் மாதிரின்னா என்ன சின்னு? சொர்க்கத்தை யாரு பாத்தா? பாக்காதவங்க எழுதறது இப்படித்தான் இருக்கும். அலுமினியம்னு எழுதினாங்களே, அதைக் கற்பனை பண்ண யாருக்கும் தோணாது. அதான் நிஜம்."

என்ன சொல்லியும் நம்பவில்லை. நீ சொன்ன பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டாய், அக்கா.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உன் முதல் குன்றுக் கடிதத்தின் ஓரத்தில் அத்தான் எழுதியிருந்தார், இடம் பிரமாதம், இவள் பேச்சை நம்பாதீர்கள் என்று. அதை நான் படித்துக் காட்டவில்லை. இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் அந்த ஓரத்தைத் தாண்டினேன். நீ மட்டமாக எழுதியது எனக்கு இதமாக இருந்தது. ஒரே மேடையில் உட்கார்ந்தோம், உனக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறதே என்று ஒரு வயிற்றெரிச்சல். போய்ப் பார்த்தும் ஒன்றுமில்லையாம் என்றதும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அத்தான் எழுதியதை இப்போது படித்துக் காட்டினேன். அதையும் நம்பவில்லை. நானே இட்டுக்கட்டுகிறேன் என்கிறார்.

டாக்டர் இன்னும் கதவை மூடவில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் பார்வை திரும்புகிற வாய்ப்பு குறையும் என்கிறார்.

சின்னு

ஜூன் 19

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்களுக்கே எழுதுகிறேன். சின்னு வாசிப்பாள். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் இப்போது சந்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சகலை எதிரே சுவரில் சாய்ந்து தூங்குகிறார். காலையிலிருந்து இங்கேதான். நினைத்ததை எழுதப் போவதில்லை. தெரிவதை எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு இரண்டு கதவு. இடது கதவின் மேல் கீல் உடைந்து, கம்பியால் கட்டியிருக்கிறது. கம்பி துரு பிடித்து நீலத்தின் மேல் பழுப்பாக ஒழுகியிருக்கிறது. நீலம் எல்லா இடத்திலும் ஒரே நீலம் இல்லை. கைபடுகிற இடத்தில் தேய்ந்து மரம் தெரிகிறது. ஜன்னலுக்குக் கீழே குளிர்பானக் கடை இல்லை. ஒரு சாக்கடை மூடி இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது. அதோடு டர்ப்பன்டைன் வாசனையும் கலந்து வருகிறது, உங்கள் சட்டையில் வருமே அது.

சுவரை வெள்ளை என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், சின்னு அந்த அடித்தலையும் சொல்லட்டும். காலையில் அது வெள்ளையாக இல்லை, சலவை நீலம் போட்ட துணி மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் பார்க்கவே முடியவில்லை, கண் கூசியது. இப்போது நாலு மணி. சுவரின் கீழ்ப்பாதி ரோஸ் நிறமாகிவிட்டது, மேல்பாதி ஆகவில்லை. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. எனக்கு இது புரியவே இல்லை. யாரும் வண்ணம் அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டில் சிவப்புத் துணிப் பந்தல். அதில் வெயில் விழுந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜன்னல் விளிம்பின் நிழல் கறுப்பு என்று நினைத்திருந்தேன். கத்தரிக்காய்த் தோல் நிறம்.

படிகளின் நடுவில் ஏறி ஏறிக் குழி விழுந்திருக்கிறது. நேற்றுப் பெய்த மழைத் தண்ணீர் ஒரு குழியில் நிற்கிறது. அதில் அந்த ஜன்னல் தலைகீழாக இருக்கிறது. கம்பி தெரியவில்லை, நீலம் மட்டும் தெரிகிறது.

முனையில் உட்கார்ந்திருக்கிற ஓவியக்காரியின் மூக்கு நுனியில் கரி. வரைய உட்கார்ந்தவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள், ஆடாதே என்று போலிருக்கிறது. கடைசியில் சிரித்துக்கொண்டே அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

இவ்வளவுதான் தெரிகிறது. மீதியை நீங்கள் வந்து பாருங்கள்.

உங்கள் அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகமா? அடுத்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று உன் மகள் போனில் சொன்னாள். மூட்டை கட்டுகிற அவசரத்தில் அத்தானுடைய முட்டியை மறந்துவிடாதே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று, சுவர் ரோஸ் ஆன இடத்தில் இவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "மறுபடி படி" என்றார். படித்தேன். "கீழ்ப்பாதி மட்டும்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, "எதிர்ப்பக்கத்துச் சிவப்பை வெள்ளைச் சுவரு வாங்கிக்கும். கிளாஸ்ல எத்தனை தடவை சொன்னாலும் ஒரு பயலும் நம்ப மாட்டான், வெள்ளைன்னா வெள்ளையாவே விட்டுருவான். காரணம் தெரியாம, புரியலன்னு எழுதியிருக்காங்க பாரு. இது உட்கார்ந்து பார்த்தவங்க எழுதினது" என்றார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "டாக்டர்கிட்ட போலாம்" என்று வாசலில் நின்றார்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று நான் எதிரே நின்றேன். "மஞ்சப் புடவை" என்றார். மஞ்சள்தான். என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். "நீ இருக்கற இடம் தெரியுது" என்றார்.

அவ்வளவுதான், அக்கா. வெளிச்சமும் நிறமும் தெரிகின்றன. உருவம் தெரியவில்லை. எழுத்து தெரியாது, முகம் தெரியாது. இனி அதற்கு மேல் வராது. டாக்டர், "மே மாசமே ஆபரேஷன் பண்ணியிருந்தா படிக்கிற அளவுக்கு..." என்று ஆரம்பித்தார். இவர், "இது போதுங்க டாக்டர்" என்று அவர் பேச்சை வெட்டிவிட்டார். வெளியே வந்ததும் என் கையை அழுத்தி, "இதை அக்காவுக்கு எழுதாதே" என்றார்.

எழுதுகிறேன். உன்னைக் குத்துவதற்காக இல்லை. நீ என் மேல் இரக்கப்பட்டு மறைத்தாய், நான் உன் மேல் பொறாமைப்பட்டு மறைத்தேன், நடுவில் அவர் கண் போயிற்று. இனி நமக்குள் மறைக்கிற வேலை வேண்டாம். இதில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. மேடையைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இதையும் போட்டுக்கொள்வோம். நான் என் பாதியைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் அவருக்குச் சோறு போடுகிறேன்.

புடவைகளுக்கு அடியில் இருக்கிற அந்தப் படத்தை எடுத்து வா. முகம் தெரியாது, ஆனால் வண்ணம் தெரியும், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்கிறார். நீ சிரித்திருப்பதை நான் அவருக்குச் சொல்கிறேன்.

கடிதத்தை முடிக்கப் போகிறேன், அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"பார்த்து வரச் சொல்லு."

எந்தப் பார்த்து என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றார்.

சின்னு